குடிப்பவர் பட்டியல்

மைதாப் பசை நன்றாகக் காய்வதற்குள் ஒரு நிச்சயதார்த்தத்தைக் கலைத்துவிடும் சக்தி ஒரு முழம் காகிதத்துக்கு உண்டு என்று தேவகிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். கிணற்றுக்கு மருந்து போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு தரம் படித்துப் பார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை. ஆவணி முகூர்த்த நாள். திருத்தணி மலையடிவாரத்து நெசவாளர் தெருவின் முதல் வீடு சிங்காரத்தின் வீடு. வாசலில் மாக்கோலம், உள்ளே கேசரி வாசனை. அவருடைய மகள் மனோரமாவுக்கும் பள்ளிப்பட்டு வீரபத்திரனின் மகனுக்கும் இன்று நிச்சயம். பத்தரைக்கு நல்ல நேரம்.

மருமகள் தேவகி அடுப்படியில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் தறிக்கூடத்தில் இருந்தது. அங்கே அவள் மாமனார் இருமிக்கொண்டிருந்தார்.

இந்த இருமலோடு இத்தனை வாரம் கூடவே வந்தவர்களுக்குக் கதை தெரியும். இன்றுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம்.

தேவகிக்கு அரசாங்கத்தில் சுகாதாரப் பணியாளர் உத்தியோகம். தெருக்காரர்களுக்கு நர்சம்மா. நெசவாளர் தெருக்களில் பீடி குடிக்கிற ஆண்களைக் கணக்கெடுத்து, அதில் இருமுகிறவர்களைப் பிரித்து, மார்புக்குப் படம் எடுத்து, அவனவன் நுரையீரலை அவனவனுக்கே காட்டி, பீடியை விட வைக்க வேண்டும். ஒரு வருஷத்தில் பாதிப் பேர் விட வேண்டும். இது சுகாதார நிலையத்து டாக்டர் போட்ட திட்டம். "சிகரெட் பெட்டியில எச்சரிக்கை அச்சடிக்க ஆரம்பிச்சாச்சு. பீடிக் கட்டுல அது கிடையாது. அந்த எச்சரிக்கை நீதாம்மா" என்று சொல்லி அவளைத் தெருவில் இறக்கிவிட்டார்.

நடமாடும் எச்சரிக்கைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. முகத்தில் புகையை ஊதினார்கள். "மாமியார் வேலை பாக்க வந்துட்டா" என்றார்கள். ஆனாலும் நான்கு மாதத்தில் பதினோரு பேர் விட்டிருந்தார்கள். தேவகிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

மூன்று வாரத்துக்கு முன் துவைக்கிற கல்லில் அவள் ஒரு துண்டைப் பார்த்தாள். மாமனாரின் துண்டு. தன் துணியைத் தானே துவைத்தறியாத மனிதர் அதை மட்டும் தானே கசக்கிப் போட்டிருந்தார். ஓரத்தில் செம்பழுப்பாய் ஒரு கறை போகாமல் நின்றது. அன்றைக்கே அவரைத் தேடிச் சாயப் பட்டறைக்குப் போனாள். சாய அண்டாவின் விறகுப் புகைக்குள் சிங்காரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். தினமும் அவர் "சாயம் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போன மர்மம் அப்போதுதான் விளங்கியது. விறகுப் புகையில் பீடி வாசனை யாருக்குத் தெரியும்?

அவர் பீடி குடிப்பது உலகத்துக்கே தெரியக் கூடாத விஷயம். பதினோரு வருஷத்துக்கு முன் எட்டு வயசு மனோரமா விஷக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, சிங்காரம் சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டு, பீடிக் கட்டையும் நெருப்புப் பெட்டியையும் மலையின் முதல் படியில் வைத்துவிட்டு, முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஈர வேட்டியோடு ஏறிப் போய், "இவ பொழைச்சா இனிமே என் உதட்டுல பீடி படாது" என்று முருகனிடம் வாக்குக் கொடுத்தார். மனோரமா பிழைத்தாள். அவர் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார்.

"நோட்டுல எழுதிக்கோ. வாயால சொல்லாத" என்று அன்று மருமகளிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். தேவகி சரி என்றாள்.

வாயால் அவள் சொல்லவில்லை. அது வரைக்கும் உண்மை.

ஆனால் படம் எடுக்கிற வண்டி ஆறு மாதத்துக்கு ஒரு தரம்தான் வரும். நாளை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறது, மத்தியானம் போய்விடும். முன்கூட்டியே பட்டியல் எழுதிப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிய பட்டியலில் பேர் இல்லாதவனுக்குப் படம் கிடையாது என்பது வண்டிக்காரர்களின் சட்டம். தேவகி இரண்டு நாள் யோசித்தாள். ஆறு மாதம் அந்த நெஞ்சு தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது. மாமியாருக்கு எழுத்து தெரியாது என்பதும் நினைவுக்கு வந்தது. நேற்றுச் சாயங்காலம் கைத்தறி சொசைட்டிச் சுவரில் முப்பத்தொரு பேர் அடங்கிய பட்டியலை ஒட்டினாள். கதவு எண் வரிசைப்படி எழுதியதால் முதல் பேரே சிங்காரம்.

தலைப்பில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது.

அச்சடித்து வந்த படிவத்தில் 'புகைப்பவர்' என்று இருந்தது. ஆரம்பத்தில் தேவகியும் வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல யாராச்சும் புகைக்கிறாங்களா?" என்றுதான் கேட்டாள். "எது புகையுது? அடுப்பா?" என்று திருப்பிக் கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் பீடியை யாரும் புகைப்பதில்லை. குடிக்கிறார்கள். தமிழ்க்காரன் பீடி குடிக்கிறான், தெலுங்குக்காரனும் தன் பாஷையில் அதைக் குடிக்கத்தான் செய்கிறான். அதனால் தேவகி நோட்டில் 'புகைப்பவர்' என்பதை அடித்துவிட்டு 'குடிப்பவர்' என்று எழுதிக்கொண்டாள். நான்கு மாதமாய் அந்தச் சொல் அவள் கண்ணுக்குப் பழகிப்போனது. நேற்றுப் பெரிய எழுத்தில் அதையே தலைப்பாகப் போட்டாள்.

'குடிப்பவர்கள். கீழ்க்கண்ட ஆண்கள் வெள்ளிக்கிழமை காலை தவறாமல் ஆஜராக வேண்டும்.'

மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில், நட்ட நடுச் சுவரில்.

ஒன்பதே காலுக்குப் பள்ளிப்பட்டு பஸ் வந்தது. பத்து நிமிஷத்தில் சம்பந்தி வீட்டார் வந்திருக்க வேண்டும். பத்து மணி வரைக்கும் ஆளைக் காணோம்.

"போயி பாருடா" என்று சிங்காரம் மகனை விரட்டினார். தேவகியின் புருஷன் சாமிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் அப்படியே நின்றான்.

வீரபத்திரன் வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி ஜெயம்மாள், தாம்பாளத் தட்டுகளோடு நான்கு உறவுக்காரர்கள். யார் முகத்திலும் நிச்சயதார்த்தக் களை இல்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்று சிங்காரம் எழுந்தார்.

வீரபத்திரன் உட்காரவில்லை. நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. "சம்பந்தின்னு கூப்புடறீங்க. எனக்குத்தான் வாய் வர மாட்டேங்குது" என்றார்.

"இன்னா ஆச்சுங்க?" என்றாள் சிங்காரத்தின் மனைவி வள்ளியம்மாள்.

"சொசைட்டியில தெரிஞ்சவரைப் பாத்துட்டு வரலாம்னு போனேன். சுவத்துல நோட்டீஸ் ஒட்டிக் கீது. குடிக்கிறவங்க பேரெல்லாம் வரிசையாப் போட்டு, வெள்ளிக்கிழமை ஆஜராவணும்னு எழுதிக் கீது. மொதப் பேரு யார் பேருன்னு நெனைக்கறீங்க?"

தேவகியின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"என் பெரிய பொண்ண நகரியில ஒரு குடிகாரனுக்குக் குடுத்துட்டு நான் படற பாடு ஊருக்கே தெரியும்" என்றார் வீரபத்திரன். "ரெண்டு கொழந்தையோட வந்து என் வீட்ல உக்காந்துகினு கீறா. இந்தப் பக்கம் கெடைக்கலன்னா பஸ் ஏறி ஆந்திரா பக்கம் போயி குடிச்சிட்டு வரவனுங்க எத்தினி பேருன்னு எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல நீங்களும் ஒருத்தர்னு எனக்கு யாரும் சொல்லல."

சிங்காரத்தின் முகம் கறுத்தது. அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பிய அந்தப் பார்வையில் இருந்ததைக் கோபம் என்று மட்டும் சொன்னால் போதாது.

"இங்க வாடி" என்றார்.

மருமகளை 'அம்மா' என்று கூப்பிடுகிற மனிதர்.

தேவகி கூடத்துக்கு வருவதற்குள் வாசலில் வேறு கூட்டம் சேர்ந்துவிட்டது. நான்கு வீடு தள்ளியிருக்கிற எல்லப்பன் முன்னால் நின்றான். பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லாரும் பட்டியலில் இருக்கிறவர்கள்.

"எங்க அந்த நர்சம்மா?" என்று எல்லப்பன் கத்தினான். "நான் குடிகாரனா? என் மச்சான் படிச்சிட்டு வந்து என் பொண்டாட்டிகிட்ட சொல்றான். ஆஜராவணுமாம்! எந்த ஸ்டேஷன்ல ஆஜராவணும், சொல்லு!"

"அண்ணே, அது வந்து..."

"இன்னா அண்ணே? நீ சொன்னேன்னு பீடிய விட்டவன் நான். இன்னையோட நாப்பது நாளு. இருமல் மட்டும் போவல, படம் எடுத்துப் பாக்கலாம்னு நீதானே சொன்ன? அதுக்குக் குடிகாரன்னு சுவத்துல ஒட்டுவியா?"

"பீடிதாண்ணே!" என்று தேவகி கத்தினாள். அவளுக்கே அந்தக் குரல் அந்நியமாக இருந்தது. "பீடி குடிக்கிறவங்கன்னுதான் எழுதினேன். நாம அப்படித்தானே சொல்லுவோம்? பீடி குடிக்கிறதுன்னு? சாராயம்னு எழுதல. நாளைக்கு வரது போலீஸ் இல்ல. நெஞ்சைப் படம் எடுக்கற வண்டி."

கூடம் ஒரு நிமிஷம் அந்தச் சொல்லைப் புரட்டிப் பார்த்தது.

"பீடியா?" என்றார் வீரபத்திரன்.

"ஆங், பீடிதாங்க. என் தப்பு. 'பீடி'ன்னு சேத்து எழுதியிருக்கணும்."

வீரபத்திரன் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் இடுப்பிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இதுக்கா? நான் ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு குடிக்கிறேன். அப்பிடிப் பாத்தா எங்க தெருவையே எழுதி ஒட்டணும்." அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நிஜமாகவே ஒருத்தர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்காரப் போனார்.

எல்லப்பன் சிரிக்கவில்லை. "அந்தக் கட்டுல இருந்து ஒண்ணு குடுங்க பெரியவரே" என்றான்.

"எல்லப்பண்ணே, வேணாம்" என்றாள் தேவகி.

அவன் வாங்கிப் பற்ற வைத்தான். நாற்பது நாள் கழித்து இழுத்த புகையை நிதானமாக அவள் முகத்துக்கு நேரே விட்டான். "குடிகாரன்னு பேர் வாங்கியாச்சி. இனிமே எதுக்கு விடணும்?" அவன் பின்னால் இருந்தவர்களும் தத்தம் இடுப்பைத் தடவினார்கள். ஒரு நெருப்புக்குச்சியில் மூன்று பேர் பற்ற வைத்தார்கள். நான்கு மாத வேலை நான்கு நிமிஷத்தில் வாசலில் புகைந்துகொண்டிருந்தது. தேவகிக்கு அழுகை வந்தது. அழவில்லை.

அந்தப் புகை போதாதென்று ஜெயம்மாள் வாயைத் திறந்தாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"அது சரிங்க. ஆனா பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க வேற சொன்னீங்களே" என்று வள்ளியம்மாளைப் பார்த்தாள். "சாமிக்கு வாக்குக் குடுத்து பீடியை விட்டாரு, அதுலதான் இந்தப் பொண்ணு பொழைச்சுதுன்னு. சாமி குடுத்த பொண்ணுன்னு சொன்னீங்க. நான் அதுக்காகத்தான் மத்த எடமெல்லாம் வேணாம்னு சொன்னேன்."

வள்ளியம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

கல்யாணம், கருமாதி, பஸ் பயணம் எதுவானாலும் அவள் சொல்லாமல் விடாத கதை அது. முருகன் மலையில் இருந்துகொண்டு தன் வீட்டை நேரே பார்க்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சியம்.

"இன்னாங்க?" என்றாள். "பீடியா?"

உள்ளே பட்டுப் பாவாடை சரசரத்தது. உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மனோரமா நின்றிருந்தாள். தலை நிறையப் பூ.

சிங்காரம் மகளைப் பார்த்தார். அப்புறம் வீரபத்திரனைப் பார்த்தார். நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வருகிற இருமலை விழுங்கினார்.

"பீடி இல்ல" என்றார். "சாராயம்தான்."

"இன்னாது?"

"சாராயம். நகரிக்குப் போயி குடிப்பேன். மாசத்துக்கு ரெண்டு வாட்டி. இவ சரியாத்தான் எழுதிக் கீறா. சாமிக்குக் குடுத்த வாக்கை நான் மீறல. அதுக்கப்பறம் பீடிய நான் தொட்டதே இல்ல."

ஜென்மத்தில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர் அவர். மகள் மேல் சாமி குற்றம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று தன்னைத் தானே நடுக்கூடத்தில் கழுவில் ஏற்றிக்கொள்கிறார். அந்த ஒரு நொடி அவர் காலில் விழலாம் என்று கூட அவளுக்கு இருந்தது.

அடுத்த நொடியே அவர் சொன்னார்: "அந்தப் படம் எடுக்கற வண்டி பீடி குடிக்கிறவனுக்குத்தானே? எனக்கு அங்க வேலை இல்ல. நாளைக்கு எவன் கூப்ட்டாலும் நான் வர மாட்டேன். செத்தாலும் வர மாட்டேன்."

வீரபத்திரன் முட்டாள் இல்லை. அவர் சிங்காரத்தின் கண்ணைப் பார்த்தார், தேவகியின் கண்ணைப் பார்த்தார். "நீ சொல்லும்மா" என்றார். "எழுதினவ நீதானே. பீடியா, சாராயமா?"

"தேவகி, நீ உள்ள போ" என்றான் சாமிநாதன். அந்தக் காலையில் அவன் மனைவிக்குச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

உள்ளே போயிருக்கலாம். ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மாமனார் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொல்லாதே, வாயால் சொல்லாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. தேவகிக்குத் துண்டின் ஓரம் நினைவுக்கு வந்தது. நாளை மத்தியானத்துக்கு மேல் அந்த வண்டி போய்விடும். சாராயக்காரனாகவே நின்றுவிட்டால் அவர் அதில் ஏற மாட்டார். நிச்சயம் இன்றைக்கு நின்றால் தை மாதத்தில் நடக்கும். இவர் தை மாதம் வரைக்கும் இருக்க வேண்டுமே.

"பீடி" என்றாள். "சாயப் பட்டறையில. நானே பாத்தேன்."

சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கி வைத்த இருமல் அப்போதுதான் வெளியே வந்தது. வந்தால் நிற்காத இருமல். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். யாரும் கிட்டே போகவில்லை. தேவகி போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"நோட்டுல எழுதுன்னேன்" என்றார் மூச்சு வாங்க. "சுவத்துல ஒட்டுன்னா சொன்னேன்?"

ஜெயம்மாள் கொண்டுவந்த வளையல் பெட்டியைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "என்னைத் தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "சாமிகிட்ட வாங்கின உசிரு. வாக்கு மீறியாச்சின்னா சாமி சும்மா இருக்குமா? நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா, எங்க தலைமேலதானே விடியும்?"

"எதுவும் ஆவாது."

சொன்னது மனோரமா. பெரியவர்கள் இருக்கும் சபையில் கல்யாணப் பெண் பேசுவது அந்தத் தெருவில் இல்லாத வழக்கம். அவள் நேரே கூடத்து நடுவில் வந்து நின்றாள்.

"நைனா பீடி குடிக்கிறது எனக்கு ஏழெட்டு வருஷமாத் தெரியும். மத்தியானச் சோறு எடுத்துகினு பட்டறைக்குப் போறது நான்தானே? வாசப்படிகிட்ட நின்னு ஒரு வாட்டி இருமிட்டுத்தான் உள்ள போவேன். நைனா அணைச்சிடட்டும்னு." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "வாக்கு மீறினப்பவே சாமி என்னை எடுத்துகினு போயிருக்கணும். நான் உசிரோட நின்னுகினுதானே கீறேன்? பாருங்க."

ஜெயம்மாள் பார்த்தாள். வீரபத்திரனும் பார்த்தார். கையில் இருந்த பீடிக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

"மனோ..." என்று தேவகி அவள் தோளைத் தொடப் போனாள்.

"நீங்க பேசாதீங்க அண்ணி. எங்க நைனாவை நீங்க ஊர் சுவத்துல ஏத்துனீங்க. நான் ஏழு வருஷமா மறைச்சி வச்சேன். எனக்குத் தெரியாதா அவரு இருமறது?"

அதற்குத் தேவகியிடம் ஒரு பதில் இருந்தது. ஏழு வருஷம் மறைத்ததுதான் துண்டில் கறையாக நிற்கிறது என்ற பதில். நல்ல வேளையாக அவள் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பத்தரை மணி வந்து போனது. வந்தவர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டார்கள். வாசற்படி இறங்கும்போது வீரபத்திரன் மட்டும் திரும்பி, "பத்து நாள் போவட்டும். ஆள் அனுப்பறேன்" என்றார். வேண்டும் என்று சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா என்பதை அவர் முகம் காட்டவில்லை. எல்லப்பன் கோஷ்டி போகிற போக்கில் சொசைட்டிச் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்து, மிதித்து, அதிலேயே பீடியை அணைத்துவிட்டுப் போனது. நோட்டிலிருந்து மறுபடி ஒரு பட்டியல் எழுதிப் பன்னிரண்டு மணி வெயிலில் தேவகி தனியாகப் போய் ஒட்டிவிட்டு வந்தாள். இந்தத் தரம் தலைப்பில் 'பீடி' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. தெருவில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். யாரும் தொடாத கேசரிப் பாத்திரத்தைப் புழக்கடையில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வள்ளியம்மாள் வந்து எதிரே நின்றாள். கையில் சிங்காரத்தின் துண்டு.

"இது வெத்தலைக் கறை இல்லியா?"

"இல்ல அத்தே."

"நானும் பாத்தேன். வெத்தலைன்னு நெனைச்சிகினேன். எத்தினி நாளா?"

"எனக்கு மூணு வாரமாத் தெரியும். அதுக்கு முன்னாடி எத்தினி நாளோ."

"மூணு வாரம்." வள்ளியம்மாள் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "மூணு வாரமா எங்கூட ஒரே அடுப்புல ஆக்கின. ஒரே தட்டுல முறுக்கு தின்ன. எங்கிட்ட சொல்லல. சுவத்துகிட்ட போயி சொன்ன."

தேவகி தலை குனிந்தாள். மாமியாருக்கு எழுத்து தெரியாது என்று தான் போட்ட கணக்கு அவளுக்கு நினைவு வந்தது. சாபம் கொடுத்திருந்தால் கூட இவ்வளவு சுட்டிருக்காது.

"உங்க கிட்ட சொன்னா அவர் வாக்கு மீறினது உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு..."

"சாமிக்கும் எனக்கும் நடுவுல உனக்கு இன்னாடி வேலை? வாக்கு போச்சின்னா நான் மலையேறிப் போயி மன்னிப்பு கேட்டுக்குவேன். என் புருஷன் போனா யாரைக் கேக்கறது?"

தறிக்கூடத்தில் இருமல் கிளம்பியது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"நாளைக்கு அவரு வருவாரு" என்றாள் வள்ளியம்மாள். "வர மாட்டேன்னுவாரு. நான் சொன்னா வருவாரு. நீதான் கூட்டிகினு போவணும். அங்க எந்தப் பக்கம் நிக்கணும், இன்னா பண்ணணும்னு எங்களுக்குத் தெரியாது."

தேவகி நிமிர்ந்தாள். "சரிங்க அத்தே."

"படம் எடுத்து முடிச்சதும் அவரை வூட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து வுடு. அப்பறம் அப்பிடியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயி அம்மையார்குப்பம் பஸ் ஏறிடு. உங்க அம்மா வீட்லயே இரு. திரும்பி இந்த வாசப்படி ஏறாத."

"அத்தே..."

"சாமிநாதங்கிட்ட சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல."

அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்பது தேவகிக்குத் தெரியும். கேட்பதற்கு நூறு இருந்தது. நான் செய்தது அவர் நல்லதுக்குத்தானே என்று கேட்கலாம். என் புருஷன் வீட்டிலிருந்து என்னைப் போகச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்கலாம். அதை எல்லாம் கேட்டால் மாமியார் மனசு மாறி, நாளைக்கு அவரை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி ஒம்பது மணிக்கு வந்துடும் அத்தே. எட்டரைக்கே பொறப்படணும். பட்டினியா வரணும்னு இல்ல. கஞ்சி குடிச்சிட்டே வரச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த சொல் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆங். குடிக்கச் சொல்றேன்" என்றாள் வள்ளியம்மாள்.

அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், பரண் மேலிருந்து தேவகியின் தகரப் பெட்டியை யாரோ இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.